பத்தொன்பது கோப்புகளும் ராத்தாவின் தண்ணீர் முறையும்

எங்கள் வட்டையில், ஒரே குளத்து நீர் பாயும் இந்த வயல்வெளியில், மழையில்லாத சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். குளத்து மதகை எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பார்த்து, இஷாத் தொழுகைக்குப் பிறகு வட்டை விதானையார் மறுநாள் முறையைத் தீர்மானிப்பார். யாருடைய காணிக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்ற பட்டியலைத் தன் கைத்தொலைபேசியிலுள்ள படிவத்தில் நிரப்பிவிட்டுப் படுப்பார். விடிய நாலே முக்காலுக்கு ஒரு மென்பொருள் தானாக எழுந்து, அன்றைய பட்டியலை எடுத்து, அதிலுள்ளவர்களுக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பும். "இன்று உங்கள் முறை. காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை." சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவர்கள் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதை எழுதியவர் எங்கள் ஊர்க்காரர்; இப்போது மெல்போர்னில் குடியிருக்கிறார். நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் பதினொரு வருடம் பக்கம் பார்த்தவள். பத்திரிகை இணையத்துக்குப் போனபோது, அந்தத் தளத்தைத் திருத்த ஆளில்லாமல் நானே ஜாவாஸ்கிரிப்ட் படித்தேன். மருதமுனைக்குத் திரும்பிய பிறகு அதுவே தொழிலாகிவிட்டது.

சென்ற சிறுபோகத்தின் நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தது. குறுஞ்செய்தி அனுப்பித் தரும் நிறுவனம் தன் பழைய வழியை மாதக் கடைசியில் நிறுத்துகிறதாம். புதிய வழிக்கான நிரல் பொதி புதுமுறை மொடியூலாக மட்டுமே கிடைத்தது. எங்கள் மென்பொருளோ முழுக்கப் பழைய முறையில் எழுதப்பட்டது. பழையதற்குள் புதியதை அழைத்தால் ஒரு சிவப்பு வரி வந்து நின்றுவிடும். ஆகவே பத்தொன்பது கோப்புகளையும் மாற்றவேண்டியிருந்தது.

மொடியூல் என்பது பெரிய விசயமில்லை. நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து வைத்திருப்போம். ஒரு கோப்பு இன்னொன்றிலுள்ளதை வாங்கிப் பயன்படுத்தும். பழைய முறையில் அதற்கு 'ரிக்வயர்' என்று எழுதவேண்டும். புதிய முறையில் 'இம்போர்ட்'. கொடுக்கிற கோப்பும் தான் கொடுப்பவற்றை 'எக்ஸ்போர்ட்' என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பழைய முறையில் கோப்பின் பெயரைப் பாதியாக எழுதினாலும் கணினி புரிந்துகொண்டது. புதியதற்குக் கடைசிப் புள்ளியும் இரண்டு எழுத்தும் சேர்த்து முழுப் பெயர் வேண்டும். ஒரு கோப்பில், அறிவிக்காமலே பயன்படுத்திய ஒரு மாறி இருந்தது. பழைய முறை அதை வருடக்கணக்காக மன்னித்துவந்தது. புதியது முதல் ஓட்டத்திலேயே பிடித்துக்கொண்டது. கண்டிப்பான பிரதி திருத்துநர் ஒருவர் புதிதாக மேசைக்கு வந்தது போல இருந்தது. எனக்கு அது பிடித்தது.

வேலை ஐந்து நாள் எடுத்தது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர் 786 என்று இட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணக் கார்ட்டிலும் கடிதத்திலும் பரீட்சைத் தாளிலும், 'இறைவன் பெயரால்' என்ற பிஸ்மிக்குப் பதிலாக இடுகிற இலக்கம்தான். நிரலுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. கணினி அதை வாசிப்பதுமில்லை. நான் பத்தொன்பதையும் இருந்தபடியே விட்டேன். தலைமைக் கோப்பில் மட்டும் அந்த 786இன் கீழ், வேறெதற்கும் முன்பாக, தனியாக ஒரு வரி இருந்தது. நேரத்தைக் கொழும்பு நேரமாக வைத்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லும் வரி. ரிக்வயர் வரிகளெல்லாம் அதன் பிறகுதான். மனுசன் வேண்டுமென்றே மேலே போட்டிருக்கிறார் என்று விளங்கியது. நானும் அதை மேலேயே வைத்துவிட்டு, கீழே இருந்தவற்றை இம்போர்ட்டாக மாற்றினேன்.

மேலே இருப்பதுதான் முதலில் நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வருகிற சூழலிலும் நான் வளரவில்லை. பிஸ்மியைத் தலையில் எழுதிவிட்டுத்தான் கீழே எதையும் எழுதுவோம். பத்திரிகையிலும் அப்படித்தான்: முதல் பந்தியில் இருப்பது முதல் விசயம்.

புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்து நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன். சமையல் முடித்து, பத்து மணிக்கு உட்கார்ந்து, இரண்டும் தயாரிக்கிற செய்திகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. திங்கள் பின்னேரம் பழையதை நிறுத்திப் புதியதை ஏற்றினேன். செவ்வாய் காலை பதிவைத் திறந்து பார்த்தேன்: ஓடிய நேரம் நாலு நாற்பத்தைந்து, அனுப்பியவை ஒன்பது, தவறியவை இல்லை. புதனும் அப்படியே இருந்தது. வேலை முடிந்ததென்று விதானையாருக்கு அறிவித்தேன்.

வியாழன் காலை ஏழரை மணிக்கு ராத்தாவின் ஸ்கூட்டி வாசலில் நின்றது. ராத்தா என் மூத்த சகோதரி. அவர் கணவர், என் மச்சான், கட்டாரில் இருக்கிறார். உம்மாவின் வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் காணியை நாலு போகமாக ராத்தாவே ஒரு கூலியாளை வைத்துச் செய்கிறார். காற்சட்டையின் மேல் உடுத்திருந்த சாரியைத் தூக்கிச் செருகியிருந்தார். முழங்கால் வரை சேறு. சேறு காய்ந்திருந்தது. தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறவரின் காலில் சேறு காய்ந்திருக்காது.

"என்னகா, உன்ட மிசின் என்ன செய்யுது?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன நடந்த ராத்தா?"

"இண்டைக்கு முறை எண்டு விடியவே மெசேஜ் வந்திச்சு. மம்பட்டியையும் எடுத்துக்கிட்டுப் போறன், மேக்காணிக்காரன் அவன்ட வக்கடைய வெட்டி உட்டுட்டு வரம்புல குந்தி இரிக்கான். 'உங்கட முறை நேத்தெல்லோ' எண்டான்."

வக்கடை என்பது தண்ணீர் உள்ளே வர வரம்பில் வெட்டுகிற வாய். மேல்காணிக்காரர் ராத்தாவின் காணிக்கு மேற்புறத்தில் வெள்ளாமை செய்கிறவர். ராத்தாவின் காணியைக் குத்தகைக்குத் தரும்படி இரண்டு போகமாகக் கேட்டுக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ற? போனைக் காட்டின நான். அவன் வாசிச்சுப்போட்டுச் சிரிக்கான். பள்ளிவாசல் முத்தத்தில ரெண்டு நாளா இதுதானாம் கதை. 'விதானைட மெசேஜுக்கு இன்னம் நேத்துத்தான் விடிஞ்சிரிக்கு' எண்டு."

நான் மடிக்கணினியைத் திறந்தேன். ராத்தா உட்காரவில்லை, நிலைக்கதவில் சாய்ந்து நின்றார்.

"ஒன்பது நாளைக்குப் பிறகுதான் மறுகா முறை வரும்," என்றார். "பயிர் குடலையில நிக்கி. இந்தக் கச்சான் காத்துக்கு ஒன்பது நாள் தாங்காது."

இதற்கு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் வறட்டுக் காற்று. குடலை என்பது கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் இருக்கிற பருவம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும். உள்ளே மணி இருக்காது. முறை நாளில் வக்கடையைத் திறக்காதவர் அடுத்த சுற்றுவரை காத்திருக்கவேண்டும் என்பது வட்டைக் கமிட்டியின் விதி. ஒரு போகம் பதராய்ப் போனால், அடுத்த போகத் தொடக்கத்தில் விவசாயிகள் கூடும் கன்னைக் கூட்டத்தில் "பொம்புளையால ஏலாது, குத்தகைக்குக் குடுங்க" என்ற பேச்சு எழும். அந்தக் காணியைத் தானே செய்வதா விடுவதா என்பதே ராத்தாவுக்குக் கேள்வியாகிவிடும்.

பதிவைப் பார்த்தேன். தலைப்பில் வியாழன், நாலு நாற்பத்தைந்து என்று சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே போயிருந்த ஒன்பது பெயர்களும் புதன்கிழமைப் பட்டியல். முந்திய நாளின் பதிவில் தலைப்பு புதன், பட்டியல் செவ்வாய். இரண்டு காலையும் நான் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறேன், பெயர்களைப் பார்க்கவில்லை. ஒரே ஓட்டத்துக்குள் இரண்டு தேதிகள் இருந்தன.

காரணம் பிடிபட இருபது நிமிடம் ஆகியது. மென்பொருள் ஓடுகிற கணினி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. அதன் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. நமக்கு விடிய நாலே முக்கால் ஆகும்போது அதற்கு முந்திய இரவு பதினொன்றே கால். அதனால்தான் மெல்போர்ன்காரர் அந்த நேர வரியை எல்லாவற்றுக்கும் மேலே போட்டார். பழைய முறையில் கணினி வரிவரியாக இறங்கும்: முதலில் நேரத்தை மாற்றும், பிறகு ரிக்வயரைக் கண்டு, இன்றைய தேதியைக் கணக்கிடும் கோப்பை எடுத்து வரும். புதிய முறையில் அப்படியில்லை. இம்போர்ட் வரிகள் எங்கே இருந்தாலும், அவை கேட்கிற கோப்புகளை எல்லாம் முழுதாக ஓட்டி முடித்துவிட்டுத்தான் இந்தக் கோப்பின் முதல் வரிக்கே கணினி வரும். ஆகவே, நான் மரியாதையோடு மேலே விட்டுவைத்த வரி ஓடுவதற்கு முன்பே தேதி கணக்கிடப்பட்டுவிட்டது, வெளிநாட்டு நேரத்தில், முந்திய நாளாக. நான் ஒப்பிட்டுப் பார்த்த காலை பத்து மணிக்கு இரண்டு நாட்டிலும் ஒரே தேதி. அது அனுப்புகிற நேரத்தில் ஒரு தடவைகூட நான் ஓட்டிப் பார்க்கவில்லை.

"எனக்கு விளங்குறமாதிரிச் சொல்லு. ஆர்ட பிழை?" என்றார் ராத்தா.

"என்ட பிழை."

"அப்ப விதானைக்குப் போன் அடி."

விதானையார் அறுபது வயதைத் தாண்டியவர், அமைதியானவர், எங்களுக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறை. நான் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

"அதுதான் தங்கச்சி, திங்கக்கிழம பாய்ச்சின ஆக்கள் செவ்வாயும் மெசேஜ் வந்த எண்டு சொன்ன. மிசின் ரெண்டு தரம் அடிச்சிப்போட்டு எண்டு நினைச்சன். ஆனா ஒருத்தருக்கும் முறை தவறல்லியே. சுபஹுக்குப் பிறகு பள்ளி முத்தத்தில நான் வாயாலயும் சொல்ற."

"ராத்தா பள்ளி முத்தத்துக்கு வாறல்லியே காக்கா."

தொலைபேசியில் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் நின்றது. ஓரமாக நிறுத்தியிருக்கவேண்டும்.

"அது ஓம்," என்றார்.

அதுவரை எனக்கும் இது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. இந்தச் செய்திச் சேவை ஊர் முழுவதற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஆண்களுக்கு அது தேவைப்படவில்லை. தொழுதுவிட்டு வெளியே வரும்போது முறை யாருடையது என்று தெரிந்துகொள்கிறார்கள். செய்தி தவறினால் அது தேத்தண்ணிக் கடையில் ஒரு பகிடி. அதையே நம்பியிருந்தவர்கள் அந்த முற்றத்துக்குப் போகாதவர்கள் மட்டும்.

விதானையார் ஒரு வழி சொன்னார். "நாளைக்கு வெள்ளி. முறை இல்ல. விடிய ரெண்டு மணித்தியாலம் சத்தம்போடாம மதகைக் கொஞ்சம் தூக்கி உடுறன். ராத்தாவை எடுக்கச் சொல்லுங்க. ஆருக்கிட்டயும் கதைக்கவேணாம்." வெள்ளிக்கிழமை எங்கள் வட்டையில் முறை வைப்பதில்லை. மதகைத் தாழ்த்திவிட்டு எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குத் தயாராவார்கள்.

நான் அதை ராத்தாவிடம் சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"எனக்குக் களவுத் தண்ணி வேணாம். வாய்க்கால்ல தண்ணி போறத மறைக்க ஏலுமா? மேக்காணிக்காரன் காணாம இரிப்பானா? மறுகா, விதானை இரக்கப்பட்டு உட்ட தண்ணியிலதான் இவ வெள்ளாம செய்ற எண்டு கதை வரும். என்ட முறையை எனக்குத் தரச் சொல்லு."

பத்திரிகையில் பிழை வந்தால் திருத்தம் போடுவோம். அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது: எது பிழை, எது சரி, யாருடைய பிழை. நாலு வரிக்கு மேல் போகக்கூடாது. காரணத்தை நீட்டி விளக்கினால் அது மன்னிப்புக் கேட்பது போலத் தொடங்கிச் சாட்டுச் சொல்வதில் முடியும். நான் எழுதி விதானையாருக்கு வாசித்துக் காட்டினேன்:

"திருத்தம். செவ்வாய், புதன், வியாழன் காலைகளில் வந்த தண்ணீர் முறைச் செய்திகள் தவறானவை. அந்தந்த நாளின் பட்டியலுக்குப் பதிலாக முந்திய நாளின் பட்டியல் போயிருக்கிறது. பிழை மென்பொருளை மாற்றியவருடையது. செய்தி கிடைக்காமல் முறை தவறியவர்கள் இன்று பகலுக்குள் விதானையாரை அழைக்கவும்."

"எல்லாருக்குமா அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்."

"எனக்குப் போன் அடிச்சிக்கிட்டே இரிப்பானுகள்."

"ஓம் காக்கா. இரிப்பாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "அனுப்புங்க," என்றார்.

ஒன்பது மணிக்கு அனுப்பினேன். பன்னிரண்டுக்குள் அவருக்கு இரண்டு அழைப்புகள்தான் வந்தன. இரண்டும் பெண்கள். ஒருவர் ஆசிரியை, அவருடைய முறை செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை செய்தி வந்ததும் கூலியாளை அனுப்பியிருக்கிறார். முறை நேற்றே முடிந்துவிட்டதென்று அவன் திரும்பி வந்ததும், தான்தான் நாளைப் பிழையாக விளங்கிக்கொண்டதாக நினைத்துச் சும்மா இருந்துவிட்டார். மற்றவருக்கு ராத்தாவைப் போலப் புதன்கிழமை முறை. இரண்டு பேரும் யாரிடமும் கேட்கவில்லை. விதானையார் இதை எனக்குச் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. "நான் ஒருத்தருக்கும் தவறல்ல எண்டு சொன்னனே தங்கச்சி" என்றார்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் கமிட்டி கூடியது. அங்கே என்ன நடந்தது என்பதை விதானையார் சொல்லித்தான் அறிந்தேன். விதி விதிதான் என்று ஒருவர் தொடங்கியிருக்கிறார். அதற்குப் பதில் சொன்னவர் மேல்காணிக்காரர். "செய்தி குடுத்தும் வராதவனுக்குத்தானே விதி? மிசினுக்கு விடியப் பிந்தினதுக்கு அவங்க என்ன செய்ற? நாங்க மூணு நாளா அதுக்குச் சிரிச்சிக்கிட்டு இரிந்த, ஒருத்தனாவது போன் எடுத்துச் சொன்னமா?" அவர் ஏன் அப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. காலையில் ராத்தாவின் தொலைபேசியைத் தன் கையில் வாங்கி வாசித்தவர் அவர் என்பது மட்டும் தெரியும். மூன்று காணிகளுக்கும் வெள்ளிக்கிழமை காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை தண்ணீர் என்று முடிவாகியது. ஆளுக்கு இரண்டு மணித்தியாலம், ராத்தாவுக்கு முதல் முறை, ஆசிரியைக்கு அடுத்தது.

அன்று மாலை நிரலைச் சரிசெய்தேன். திருத்தம் மிகச் சிறியது. நேர வரியைத் தலைமைக் கோப்பிலிருந்து எடுத்து, அதற்கென்று ஒரு தனிக் கோப்பு வைத்து, அந்தக் கோப்பை முதல் இம்போர்ட்டாகப் போட்டேன். இம்போர்ட்டுகள் தங்களுக்குள் வரிசை தவறுவதில்லை. முதலாவது முதலில் ஓடும். கோப்புகள் இருபதாகின. செய்தியின் வாசகத்தில் 'இன்று' என்பதற்குப் பக்கத்தில் கிழமையையும் தேதியையும் சேர்த்தேன். தேதியில்லாத செய்தியைப் பக்கத்தில் விடுகிற வழக்கம் ஆசிரியபீடத்தில் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இங்கே இத்தனை நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். பிறகு, கணினிக்கு நேரத்தைப் பொய்யாகச் சொல்லி, நாலே முக்காலுக்கு ஓடுவது போல ஏழு கிழமைநாட்களுக்கும் ஓட்டினேன். இந்த முறை பெயர்களை வாசித்தேன். வெள்ளிக்கிழமை எதையும் அனுப்பாதே என்று ஒரு கோப்பில் நிபந்தனை இருந்தது. பழைய பிழையோடு விட்டிருந்தால், சனிக்கிழமை விடிய அது வெள்ளி என்று நினைத்து ஒருவருக்கும் அனுப்பாமல் இருந்திருக்கும். அந்த நிபந்தனையை ஒரு நாளைக்கு மட்டும் நீக்கினேன்.

வெள்ளி விடிய மூன்று செய்திகள் போயின. ஐந்து மணிக்கு ராத்தா அழைத்தார். "வந்திச்சு. திகதியும் போட்டிரிக்கு" என்றார். "நீயும் வா. கூலிக்காரன் ஜும்ஆ நாள் வரமாட்டானாம்."

நான் போனேன். வாய்க்காலில் தண்ணீர் ஆறே காலுக்கு வந்தது. கலங்கலாக, சருகுகளைத் தள்ளிக்கொண்டு. ராத்தா வக்கடையை வெட்டினார். மேல் பாத்தியில் வெடித்திருந்த நிலம் தண்ணீரை முதலில் குடித்தது. கால் மணித்தியாலத்துக்குப் பயிரின் அடியில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு தேங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பாத்தியாகத் திறந்து இறங்கினோம். இலைகள் சுருண்டுதான் இருந்தன, பழுக்கவில்லை. ராத்தா ஒரு தண்டைப் பிளந்து குடலையை எனக்குக் காட்டினார். உள்ளே வெளிறிய பச்சையில் கதிர் இருந்தது.

"பதராகுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் போகும். எல்லாம் போகாது."

ஏழு ஐம்பதுக்கு ஆகப் பள்ளத்திலுள்ள பாத்தியையும் தண்ணீர் தொட்டது. அது கணுக்கால் அளவுக்கு ஏற இன்னும் அரை மணித்தியாலம் வேண்டும். ராத்தா வரம்பில் நின்று அதைப் பார்த்தார். கைத்தொலைபேசியில் மணியைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிசம் கிடக்கு ராத்தா," என்றேன்.

"வக்கடைய அடைக்கப் பத்து நிமிசம் வேணும்."

அவர் மம்பட்டியால் சேற்றை இழுத்து வக்கடையை அடைத்தார். இரண்டு தரம் கரைந்து ஓடியது. மூன்றாம் தரம் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஏறி, கீழ்ப்பக்கம் திரும்பியது. விதானையாரிடம் வாங்கிய இலக்கத்தை ராத்தா அழைத்தார். அந்த ஆசிரியையோடு அவர் அதற்கு முன் பேசியதில்லை.

"டீச்சர், நான் மேல்வாய்க்கால் காணியிலிரிந்து கதைக்கிறன்," என்றார். "எட்டு மணி. தண்ணி உங்கட பக்கம் வருது. வக்கடைய வெட்டுங்க."